கலர் கிரேடிங்குக்கு எடிட்டை அனுப்பும் முன்

பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் முடித்த எடிட்டை, கலர் வேலைக்காக டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளுக்கு அனுப்பும்போது, எக்ஸ்எம்எல் கோப்போடு, ஓரத்தில் டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமின் நேர எண்) பதித்த, முடிந்த எடிட்டை அப்படியே காட்டும் ஒரு ரெஃபரன்ஸ் வீடியோவையும் சேர்த்துக் கொடுங்கள்.

எக்ஸ்எம்எல்லில் படம் போவதில்லை. எந்த கிளிப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம்தான் போகிறது. வெட்டுகளும் ஒரு ஷாட் மங்கி அடுத்தது தெரியும் சாதாரண டிசால்வும் பெரும்பாலும் ஒழுங்காக வந்து சேரும். ஷாட்டுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும் ஸ்பீட் ராம்ப் மாறிப்போகலாம். ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசரும் வெளி பிளக்-இன்களும் வரவே வராது. அந்த ஷாட்களை முன்பே தனியாக ரெண்டர் செய்துவிடுவது நல்லது. ரெஃபரன்ஸை ரிசால்வில் ஆஃப்லைன் கிளிப்பாக (ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைக்கும் கிளிப்) டைம்லைனோடு இணைத்து, இரண்டு படத்தையும் ஒரே திரையில் பிரித்துக் காட்டும் வைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு ஃபிரேம் நகர்ந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து உட்காரும் கலர் கிரேடிங் அறையில், விடுபட்ட ஷாட்டைத் தேடுவதில் காசு கரையக் கூடாது.

ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) மட்டும் முதலிலேயே பொருத்திவிடுங்கள். 23.976, 24, 25 மூன்றும் வேறு வேறு. ரிசால்வ் புராஜெக்டில் ஃபுட்டேஜை ஏற்றிய பிறகு அந்த புராஜெக்டின் டைம்லைன் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது.

எடிட்டே ரிசால்வில்தான் என்றால் இதெல்லாம் வேண்டாம். வெறும் வெட்டுகள் உள்ள சின்ன விளம்பரத்துக்கும் தேவையில்லை: டெக்ஸ்ட், கிராஃபிக்ஸ் இல்லாமல் ஒரே புரோரெஸ் (தரம் குறையாத வீடியோ வகை) கோப்பாகக் கொடுத்தால், வெட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும் ரிசால்வின் சீன் கட் டிடெக்‌ஷனே ஷாட்களைப் பிரித்துக்கொள்ளும்.