இலையுதிர் கால விழாவில் ஓர் அகழாய்வுக் குழி

இலையுதிர் கால விழாவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், நான் கேட்டு வாங்கிக்கொள்வது ஒரு மூலையும் ஒரு மரப்பெட்டியும்தான். அதில் பொம்மை எலும்பைப் புதைத்துத் தேடவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வெறும் புதையல் வேட்டை. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று பார்த்தால்தான் ஆதிமனிதர் வாழ்ந்த விதம் பிடிபடும். அதனால் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைக் கொடுப்பேன்: இங்கே தங்கியவர்கள் வருடத்தின் எந்தப் பருவத்தில் தங்கினார்கள்?

ஒரு முழ ஆழமுள்ள பெட்டி போதும். அடியில் வெளிர் மணல். அதன்மேல் கரித்தூள் கலந்த கறுத்த மண், இதுதான் முகாம். நடுவே கற்களை வட்டமாக வைத்து அடுப்பு, அதைச் சுற்றிக் கருக்கிய ஹேசல்நட் (குளிர்நாடுகளில் விளையும் ஒரு கொட்டை) ஓடுகள். சற்றுத் தள்ளிக் கல் சில்லுகளை ஒரே குவியலாகப் போடுங்கள். கருவி செதுக்கியவர் உட்கார்ந்த இடம் அது. உண்மையான தீக்கல் சில்லு கையைக் கிழித்துவிடும், முனை மழுங்கியதாகப் பாருங்கள். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வரக்கூடும் என்றால், ஓடுகளைக் களிமண்ணில் செய்துவிடலாம். எல்லாவற்றுக்கும் மேல் வேறு நிற மண், காய்ந்த இலைகள்.

பெட்டியின் மேல் நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஆளுக்கொரு கட்டம். கரணையால் குத்தித் தோண்டக் கூடாது, மண்ணைக் கிடைமட்டமாகச் சுரண்ட வேண்டும். நிறம் மாறினால் நிறுத்த வேண்டும். பொருள் தெரிந்ததும் பிடுங்க விடாதீர்கள். பிரஷ்ஷால் சுற்றிலும் துடைத்து, கட்டத்தாளில் வரைந்து, அப்புறம்தான் எடுக்கலாம்.

சுரண்டிய கறுத்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும்; கரித்துண்டும் கருகிய விதையும் மேலே மிதந்து வரும். தேநீர் வடிகட்டியால் அள்ளலாம். அகழாய்வுகளிலும் இப்படித்தான் விதைகளைப் பிரிக்கிறார்கள். கருகாத ஓடு மண்ணில் மக்கிப்போகும், கருகியது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். ஸ்காட்லாந்தின் கொலன்சே தீவில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குழியில் லட்சக்கணக்கான ஹேசல்நட் ஓடுகள் கருகிய நிலையில் கிடைத்தன.

ஹேசல்நட் இலையுதிர் காலத்தில் பழுக்கும். அப்படியானால் முகாமும் அப்போதுதான் என்று பெரும்பாலான பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். "சேர்த்து வைத்துப் பிறகு தின்றிருக்கலாமே?" என்று ஒரு பிள்ளை கேட்டால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைப் பேசுங்கள். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அந்த இடத்தில் நான் சொல்வது ஓட்சியின் கதை. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர். அவர் பக்கத்தில் இலையுதிர் காலத்தில் பழுக்கும் காட்டுப்பழம் ஒன்று இருந்ததால், அந்தப் பருவத்தில்தான் இறந்திருப்பார் என்று முதலில் கருதினார்கள். பிறகு அவர் குடலை ஆராய்ந்தபோது, வசந்தத்தின் கடைசியை ஒட்டிப் பூக்கும் ஒரு மரத்தின் மகரந்தம் கெடாமல் இருந்தது. முடிவு மாறிவிட்டது.

கதை முடிந்ததும் பிள்ளைகளைத் தங்கள் கட்டத்தாளுக்கே திரும்ப அனுப்புங்கள். பருவத்தின் பெயரை எழுதட்டும். அதன் கீழே, வேறு என்ன கிடைத்தால் அந்த முடிவை மாற்றிக்கொள்வார்கள் என்பதையும் எழுதட்டும்.