சேலத்து வீட்டுக் குழாயில் ஈயம் இருக்கிறதா? மாதிரி எடுப்பதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

சேலத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே கேள்விதான் வரும். மேட்டூர் தண்ணி எப்போ விடுவாங்க? உங்க போர்ல உப்பு எவ்வளவு? ஈயத்தை, அதாவது ‘லெட்’ என்கிற காரீயத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. உப்பு நாக்குக்குத் தெரியும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். குடிதண்ணீரில் கலந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ருசியும் இல்லை. ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். மாதிரியைச் சரியாக எடுத்துக் கொடுப்பது மட்டும் நம் வேலை. அதைத் தப்பாகச் செய்தால் கட்டிய பணமும் வீண், வந்த ரிப்போர்ட்டும் வீண்.

தொடங்குமுன் ஒன்று. நம் ஊரில் தண்ணீரால் வரும் அன்றாட ஆபத்து கிருமிதான், ஈயம் அதற்கு அடுத்தது. விட்டு விட்டு வரும் தண்ணீர் நின்றதும் தெருவுக்கு அடியில் போகும் குழாயில் அழுத்தம் விழுந்துவிடும். அந்த நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். ஆகவே காய்ச்சிக் குடிப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம். ஆனால் காய்ச்சினால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் ஈயத்தின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும்.

வீட்டில் கைக்குழந்தையோ, ஆறு வயதுக்குள் பிள்ளைகளோ, கர்ப்பிணியோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே போகும் ஈயம் ஒரே அளவாக இருந்தாலும், பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்கு ஆகாரமே தண்ணீர்தான்.

படி 1: தண்ணீர் வரும் வழியை ஒரு தாளில் வரையுங்கள்

பெரும்பாலான சேலத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் ஓடும். மாநகராட்சி விடும் நல்ல தண்ணீர் சம்ப்புக்கோ டிரம்முக்கோ போகும். போர் தண்ணீர் மேல்மாடி சின்டெக்ஸுக்கு ஏறும். சில வீடுகளில் இரண்டும் ஒரே தொட்டியில் கலந்துவிடும். இதில் நீங்கள் குடிப்பது எது, சமைப்பது எது என்று முதலில் பிரியுங்கள். கேன் தண்ணீர் குடித்துவிட்டு சோறு, பருப்பு, ரசத்துக்கெல்லாம் குழாயைத் திறக்கும் வீடுகள் நிறைய உண்டு. அப்படியானால் சோதிக்க வேண்டியது அந்தச் சமையலறைக் குழாயைத்தான்.

தெருக் குழாயிலிருந்து சம்ப், மோட்டார், மேல்தொட்டி, இறங்கும் பைப், டேப் என்று வரிசையாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு துண்டும் எதனால் ஆனது, எந்த வருடம் போட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். குடிநீரில் ஈயம் பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை. பைப், மூட்டு, டேப் என்று வழியில்தான் சேர்கிறது. மேட்டூர் அணைத் தண்ணீரைத் திட்டுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கடைசிப் பத்து மீட்டரைப் பாருங்கள்.

தண்ணீரின் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு. கடினத்தன்மை உள்ள போர் தண்ணீர் பைப்புக்குள் ஒரு சுண்ணாம்புப் படலம் போட்டுவிடும். துணி நுரைக்காதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் அதே குணம் உலோகத்தை ஓரளவு மூடிவைக்கும். இதை முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள தண்ணீர் இதற்கு நேர் எதிர், உலோகத்தைக் கரைத்து எடுக்கும். ஏற்காட்டுப் பக்கம் ஊற்றுத் தண்ணீரைத் தித்திப்பாக இருக்கிறது என்று புகழ்வோம். சார்னோகைட் பாறை மலையில் ஊறும் தண்ணீர் பொதுவாகத் தாது குறைந்த மென்னீர். பழைய எஸ்டேட் பங்களாவில் அந்தக் காலத்துப் பைப்பே இருந்தால் கட்டாயம் சோதித்துவிடுங்கள். மழைநீரும் ஆர்ஓ தண்ணீரும் இதே வகைதான்.

அமெரிக்காவின் பிளின்ட் நகரில் நடந்ததும் இதுவே. 2014-இல் செலவைக் குறைக்கப் பிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பைப்புகள் அதேதான், தண்ணீர் மட்டும் மாறியது. பல வருடங்களாகப் படிந்திருந்த படலம் கரைந்து ஈயம் வீட்டுக்குள் வந்தது. உங்கள் வீட்டிலும் போர் தண்ணீரிலிருந்து வேறு தண்ணீருக்கு மாற்றினால் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

படி 2: டார்ச், காந்தம், சாவி எடுத்துக்கொண்டு பைப்பைப் பாருங்கள்

காந்தம் ஒட்டினால் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். அதன் துத்தநாகப் பூச்சில் கொஞ்சம் ஈயம் கலந்திருப்பது பழைய பைப்புகளில் சகஜம். மரையில் சணலோ நூலோ சுற்றி, ‘ஒயிட் லெட்’ என்ற ஈயப் பசையைத் தடவி முடுக்கிய காலமும் இருந்தது. இப்போது டெஃப்லான் டேப் வந்துவிட்டது. காந்தம் ஒட்டாமல், சாம்பல் நிறமாக, சாவியால் கீறினால் வெள்ளிபோல் பளபளக்கும் மெத்தென்ற உலோகமாக இருந்தால் அது ஈயப் பைப்பே. நம் ஊரில் அபூர்வம், ஆனால் மிகப் பழைய கட்டடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

பிவிசி பைப் என்றால் கவலையே இல்லை என்று நினைக்கிறோம். வெயிலுக்கும் சூட்டுக்கும் தாங்க, தயாரிக்கும்போதே ஈயச் சேர்மங்களைக் கலப்பது நம் நாட்டில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. இதை நீக்கச் சொல்லி மத்திய அரசு 2021-இல் விதிகள் கொண்டுவந்தது. அதற்கு முன் போட்ட பைப் என்றால் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். புதிதாக வாங்கும்போது பைப்பின் மேல் ஈயம் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

டேப்பை மறக்கக் கூடாது. பளபளவென்று குரோம் பூசிய டேப்புக்கு உள்ளே பித்தளைதான். கடைசல் எளிதாக வரட்டும் என்று சாதாரணப் பித்தளையில் சில சதவீதம் ஈயம் சேர்ப்பார்கள். ராத்திரி முழுக்க அதற்குள் நிற்கும் தண்ணீர் காலையில் நேராகக் காபிப் பாத்திரத்துக்குப் போகிறது. ஆர்ஓ மெஷினுக்குப் பிறகு பித்தளை டேப் மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, மெஷினோடு வந்த பிளாஸ்டிக் டேப்பையே போடுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது

ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பு, தாது எல்லாவற்றின் மொத்த அளவைத்தான் காட்டும், அதுவும் ஒவ்வொரு மில்லிகிராமாகத்தான் எண்ணும். வரம்பைப் போல நூறு மடங்கு ஈயம் இருந்தாலும் மீட்டரில் ஒரே ஒரு எண் கூடும். 640 என்பது 641 ஆனால் யார் கண்ணில் படும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காலிங் பெல் அடித்து வரும் சில விற்பனையாளர்கள் ஒரு டம்ளரில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் மெஷின் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை இறக்கி கரன்ட் விடுவார்கள். உங்கள் டம்ளர் நிமிடத்தில் காவிக் கலராகும், மேலே அழுக்கு திரளும். “இதைத்தாங்க மேடம் குடிச்சிட்டு இருக்கீங்க” என்பார். அந்தக் காவி, கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. உப்புள்ள தண்ணீரில் கரன்ட் பாய்வதால் கம்பி கரைகிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் கரன்ட் பாய்வதில்லை, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை வந்தால் அவர்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டு மறுபடி கரன்ட் விடச் சொல்லுங்கள்.

படி 3: மாதிரி எடுத்தல்

முதலில் ஆய்வுக்கூடத்தை முடிவு செய்து, பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். பாட்டிலுக்குள் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுத்தால் கழுவக் கூடாது, கையில் படவும் கூடாது. பழைய ஜூஸ் பாட்டில், எண்ணெய் பாட்டில் எதுவும் வேண்டாம்.

ராத்திரி பத்து மணிக்குச் சமையலறைக் குழாயை மூடிவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் அந்தப் பைப்பில் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். பாத்ரூமுக்கும் அதே பைப்தான் போகிறது என்றால் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வையுங்கள். யாராவது நடுராத்திரி கை கழுவிவிட்டால் அன்றைய மாதிரி கணக்கில் இல்லை, மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் டேப்பைத் திறந்ததும் முதல் சொட்டிலிருந்தே பாட்டிலில் பிடியுங்கள். 250 மி.லி. போதும். அரை இஞ்ச் பைப்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் 150 மி.லி. தண்ணீர் நிற்கும். ஆக இந்தப் பாட்டிலில் இருப்பது டேப்புக்குள்ளும் அதை ஒட்டிய ஒன்றரை மீட்டர் பைப்புக்குள்ளும் ராத்தங்கிய தண்ணீர். டேப் முனையில் சல்லடை இருந்தால் கழற்றாதீர்கள். தினமும் குடிப்பது அதன் வழியாகத்தானே.

அப்புறம் டேப்பை ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். பிறகு இரண்டாவது பாட்டில். முடிந்தால், மாநகராட்சித் தண்ணீர் விடும் நாளில் சம்ப்புக்குப் போகுமுன் தெரு இணைப்பிலேயே மூன்றாவது பாட்டில்.

பாட்டிலில் உடனே மார்க்கரால் எழுதுங்கள்: “சமையலறை, முதல் தண்ணீர், காலை 5.30.” பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்று பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

படி 4: ஆய்வுக்கூடத்தில் என்ன கேட்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி போன்றவற்றுக்கு அங்கே போகலாம். ஈயமும் பார்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், ஆய்வுக்கூடங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் தேசிய அமைப்பான என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற தனியார் கூடம் ஒன்றைத் தேடுங்கள். அங்கீகாரப் பட்டியலில் ஈயச் சோதனையும் இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: “உங்க மெஷினால் குறைந்தபட்சம் எவ்வளவு ஈயம் வரை கண்டுபிடிக்க முடியும்?” 0.01-ஐ விட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். 0.05-க்குக் கீழே தெரியாது என்றால், ரிப்போர்ட்டில் ‘பிடிஎல்’, அதாவது கண்டறியும் அளவுக்குக் கீழே என்று போட்டுத் தருவார்கள். உங்கள் தண்ணீரில் வரம்பைப் போல நான்கு மடங்கு இருந்தாலும் அதே ‘பிடிஎல்’தான். மிகச் சிறிய அளவு உலோகத்தையும் காட்டிக்கொடுக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் செய்வார்களா என்றும் கேளுங்கள்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரத்தில் உப்பு, கடினத்தன்மைக்கெல்லாம் வேறு வழியில்லாதபோது தளர்வு உண்டு. டிடிஎஸ் 500 என்பதை 2000 வரை விடுவார்கள். ஈயத்துக்குத் தளர்வே கிடையாது, 0.01தான்.

முதல் பாட்டிலில் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் குற்றவாளி டேப் அல்லது அதை ஒட்டிய பைப். இரண்டும் அதிகம், தெரு இணைப்பில் மட்டும் குறைவு என்றால் உங்கள் சம்ப்பிலிருந்து இறங்கும் பைப் வரை எங்கோ இருக்கிறது. மூன்றுமே அதிகமாக இருந்தால் ரிப்போர்ட் நகலோடு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

படி 6: சரிசெய்வது

இன்றைக்கே செய்யக்கூடியது: காலையில் முதல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிடுவது. கீசர் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காமல் இருப்பது, சூட்டில் ஈயம் வேகமாகக் கரையும். அடுத்து டேப்பையும் அதை ஒட்டிய பைப்பையும் மாற்றுங்கள். சமையலறைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேப் நல்ல தேர்வு.

ஆர்ஓ ஈயத்தைப் பெருமளவு பிடித்துவிடும். யுவி விளக்கும் கேண்டில் ஃபில்டரும் இதற்கு உதவா. ஆர்ஓவிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். ருசிக்காக என்று சொல்லி ‘டிடிஎஸ் கன்ட்ரோலர்’ வைத்திருப்பார்கள். அது ‘மெம்பிரேன்’ என்ற வடிகட்டும் சவ்வுக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். ஈயம் இருக்கும் வீட்டில் அதை மூடிவைக்கச் சொல்லுங்கள்.

மாற்றிய பிறகு ஒரு மாதம் கழித்து, அதே டேப்பில், அதே முறையில் மறுபடி மாதிரி எடுங்கள். புது பித்தளைச் சாமான் ஆரம்பத்தில் கூடுதலாகக் கரையும் என்பதால் உடனே சோதித்தால் தப்பான பயம் வரும்.

அளவு அதிகமாக வந்து வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் ஈயச் சோதனை கேளுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர் ரிப்போர்ட் நன்றாக இருந்தும் ரத்தத்தில் அதிகம் காட்டினால் வேறு இடங்களைத் தேட வேண்டும்: உதிரும் பழைய பெயின்ட், பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் பூசிய விரலி மஞ்சள், காரீயம் கலந்த வெள்ளீயம் பூசிய பித்தளைப் பாத்திரம், வீட்டிலேயோ பக்கத்துப் பட்டறையிலேயோ உடைத்துப் பிரிக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி.