தளை தட்டாமல் ஒரு குறள் வெண்பா

வெண்பா கற்க வருகிறவர்களிடம் முதலில் பேனாவை வாங்கி வைத்துவிடுவேன். வாய்விட்டுச் சொல்லிப் பழகாமல் தாளில் அடியைச் சீர்களாக, அதாவது ஓசைத் துண்டுகளாகப் பிரிக்கத் தொடங்கினால் அது கணக்குப் பாடமாகிவிடும், ஓசை பிடிபடாது.

ஈரடிக் குறள் வெண்பாவில் தொடங்குங்கள். முதலடிக்கு நான்கு சீர், அடுத்த அடிக்கு மூன்று. அவ்வளவுதான்.

சீரை உடைத்தால் அசை. அது நேர், நிரை என இரண்டு வகை. நேரசைக்குப் பழைய இலக்கணக்காரர்கள் சொன்ன ‘ஆழி வெள்வேல்’ என்பதையே மனப்பாடம் செய்யுங்கள்: ஆ, ழி, வெள், வேல். நிரையசைக்கு வெறி, சுறா, நிறம், விளாம். சேர்ந்து ஒலிக்கும் குறில் இரண்டும், குறிலும் நெடிலும் நிரை. பின்னால் வரும் புள்ளியெழுத்து அசையோடு ஒட்டிக்கொள்ளும். தனியாக எண்ண வேண்டாம்.

நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். இவற்றோடு இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். நிரை சேர்ந்தால் கனி. அது வெண்பாவில் நுழையவே கூடாது.

இனி உயிர்நாடியான விதி, சீரோடு சீர் இணையும் தளை: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். இங்கே ‘முன்’ என்றால் அடுத்து. ஒரு சீர் எதில் முடிகிறதோ அதை வைத்து அடுத்த சீரின் முதல் அசையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கடைசிச் சீர் மட்டும் நாள் (நேர்), மலர் (நிரை), காசு (நேரும் உகரமும்), பிறப்பு (நிரையும் உகரமும்) என்ற நான்கில் ஒன்றாக நிற்கும்.

சரி, ஒன்று கட்டுவோம்.

மழைவந்த போது துணியெடுக்கப் போன
பாட்டி சிரித்தாள் நனைந்து

மழை/வந்/த: காய். அடுத்து ‘போ’ நேர், சரி. போ/து: மா. அடுத்து ‘துணி’ நிரை. துணி/யெடுக்/கப்: காய், அடுத்து ‘போ’ நேர். போ/ன: மா. இதற்கு அடுத்து நிரை வேண்டும், ஆனால் ‘பாட்’ நேராக வந்து நிற்கிறது. உரக்கச் சொன்னால் அந்த இடத்தில் நாக்கு இடறும். இதுதான் தளை தட்டுவது.

பாட்டியை எடுத்துவிட்டுக் ‘கிழவி’யை வையுங்கள். கிழ/வி, சிரித்/தாள், நனைந்/து: புளிமா, புளிமா, பிறப்பு. தளையும் சரியாகிவிட்டது, மழை, கிழவி என்று இரண்டாம் எழுத்தில் ழகர எதுகையும் கிடைத்துவிட்டது. யாப்பு கையைக் கட்டுகிறது என்பவர்களுக்கு இந்த இடத்தைத்தான் காட்டுவேன். நாமாகத் தேடியிருக்காத சொல்லை அது கொண்டுவந்து கொடுக்கிறது.

ஒன்று மட்டும் வேண்டாம்: தளைக்காகச் சொல்லை நடுவில் வெட்டி இரண்டு சீரில் போடும் வகையுளி. பெரியவர்கள் பாட்டிலும் உண்டு, ஆனாலும் பழகுகிறவர் அதைத் தொட வேண்டாம். தளை பார்க்க ‘அவலோகிதம்’ என்ற மென்பொருள் இருக்கிறது. நன்றாகவே பிரித்துத் தரும், ஆனால் நீங்களே பிரித்த பிறகு அதைத் திறங்கள்.

அப்புறம் மோனை. முதற்சீர் ‘ம’வில் தொடங்குவதால் மூன்றாம் சீரும் அதற்கு இனமாக இருந்தால் அடி இறுகும். மகரத்துக்கு வகரம் இனம். வகரத்தில், நிரையசையில் தொடங்கி, மழைக்கு முன் மாடியிலிருந்து அள்ள வேண்டிய பொருள் என்ன?

மழைவந்த போது வடாமெடுக்கப் போன
கிழவி சிரித்தாள் நனைந்து