பிக் அப்-னா வெறும் எடுக்கறது மட்டும்தானா?

பிக் அப்-னா எடுக்கறதுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம், அப்புறம் யாராவது ஐ பிக்டு அப் சம் ஸ்பானிஷ்னு சொன்னா, ஸ்பானிஷ எங்கருந்துடா எடுத்தான்னு முழிப்போம். இதுக்கு லிஸ்ட் போட்டு உருப்போட வேணாம், கூட என்ன வார்த்தை வருதுன்னு மட்டும் பாருங்க.

பாதி அர்த்தம் ஏற்கனவே உங்க வாயில இருக்கு. போனை பிக் அப் பண்ணல, சாயங்காலம் வந்து பிக் அப் பண்ணிக்கறேன், வண்டியில பிக்கப்பே இல்ல, பிசினஸ் இப்பதான் பிக்கப் ஆகுது, இதெல்லாம் நாம தினமும் பேசறதுதானே.

பின்னாடி ஒரு மொழியோ பழக்கமோ வந்தா, கிளாஸ் எதுக்கும் போகாம பார்த்து கேட்டு தானா ஒட்டிக்கிட்டதுன்னு அர்த்தம், அந்த ஸ்பானிஷ் கதையும் இதுதான். நோய் வந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஷி பிக்டு அப் எ கோல்ட்னா எங்கயோ போய் சளி பிடிச்சுக்கிட்டு வந்துட்டா. பிக் அப் சம் மில்க் ஆன் தி வே ஹோம்னா வர்ற வழியில பால் வாங்கிட்டு வா, அவ்ளோதான்.

ஆள் வந்தா மட்டும் கொஞ்சம் உஷாரா இருக்கணும். ஐ பிக்டு அப் மை சிஸ்டர் ஃப்ரம் ஸ்கூல்னா கூட்டிட்டு வந்தேன். தி போலீஸ் பிக்டு ஹிம் அப்னா பிடிச்சுட்டு போயிட்டாங்க. அதே ஹி பிக்டு அப் எ கேர்ள் அட் எ பார்னா விஷயமே வேற, முன்னப்பின்ன தெரியாத பொண்ண கரெக்ட் பண்ணிட்டான்னு அர்த்தம், அதனால யாரை, எங்கருந்துன்னு சேர்த்து சொல்லிடறது சேஃப்.

பின்னாடி எதுவுமே வரலன்னா பெரும்பாலும் வேகம் கூடுது, நிலைமை தேறுதுன்னு எடுத்துக்கலாம். தி விண்ட் இஸ் பிக்கிங் அப், காத்து பலமாகுது. சேல்ஸ் ஆர் பிக்கிங் அப், விற்பனை சூடு பிடிக்குது. ஆனா நோபடி பிக்டு அப்னா யாரும் போன் எடுக்கல, அங்க போன்ங்கற வார்த்தை சொல்லாமயே ஒளிஞ்சிருக்கு. லெட்ஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்னா விட்ட எடத்துலருந்து தொடரலாம்.

இன்னொரு குட்டி வார்த்தை ஒட்டிக்கிட்டா அர்த்தம் மறுபடி மாறும். பிக் அப் ஆன்னா ஜாடைமாடையா இருக்கறத கவனிச்சு புரிஞ்சுக்கறது, பிக் அப் ஆஃப்டர்னா ஒருத்தர் போட்டுட்டு போனத பின்னாடியே போய் ஒழுங்குபடுத்தறது.

நெறைய பேர் சறுக்கறது வார்த்தை வரிசையிலதான். பிக் அப் தி பாக்ஸ், பிக் தி பாக்ஸ் அப், ரெண்டும் ஓகே. ஆனா இட், ஹிம், ஹெர், தெம் வந்தா கண்டிப்பா நடுவுலதான் போடணும், பிக் இட் அப்தான், பிக் அப் இட் கிடையவே கிடையாது. அப்புறம் வினையா சொல்லும்போது ரெண்டு வார்த்தையா எழுதி அப்-ல அழுத்தம் குடுங்க, பிக்கப் வண்டி மாதிரி பெயர்ச்சொல்லா வந்தா ஒரே வார்த்தை, அழுத்தம் பிக்-ல.