தனி வேலைக்கும் கூட்டு வேலைக்கும் ஒரே மேசை

தனியே அமர்ந்து கணக்குப் பார்க்கவும், நான்கு பேர் கூடி ஒரு வரைபடத்தை விரித்துப் பேசவும் ஒரே மேசை உதவ வேண்டுமானால், அதை ஒருவரே தள்ளி நகர்த்த முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் கூப்பிட வேண்டிய மேசை, போட்ட இடத்திலேயே கிடக்கும்.

பலகையை 4 அடிக்கு 2 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் அகலத்தைப் போல் இரு மடங்காக இருப்பதால், இரண்டு மேசைகளை நீளப் பக்கங்கள் ஒட்டும்படி சேர்த்துப் போட்டால் நால்வர் சுற்றி அமரும் சதுரம் கிடைத்துவிடும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட்டில் நான்கு பலகைகள் கிடைக்கும். ரம்பத்தில் போகும் சேதாரத்தையும் கழித்து, 1200-க்கு 600 மி.மீ. என்று ஆசாரியிடம் எழுதியே கொடுப்பது நல்லது. கனம் 19 மி.மீ. போதும். மைக்கா பளபளப்பில்லாததாக இருந்தால் விளக்கொளி கண்ணில் அடிக்காது.

மூலைக்கு ஒன்றாகக் கால் வைப்பதுதான் வழக்கம் என்றாலும், மேசைகளைச் சேர்க்கும்போது இணைப்பின் இரு முனைகளிலும் கால்கள் ஜோடியாக வந்து, அங்கே அமர்பவரின் முழங்காலில் இடிக்கும். அதற்குப் பதிலாக, குறுகிய பக்கத்துக்கு ஒரு தூணை அகலத்தின் நடுவில் நிறுத்தி, தரையில் குறுக்குச் சட்டம் கொடுத்து, அந்த விளிம்பிலிருந்து முக்கால் அடி உள்ளே தள்ளி அமைத்தால், சேர்த்த பிறகும் இரு தூண்களுக்கு இடையே சுமார் இரண்டடி திறந்திருக்கும்.

சக்கரத்தில்தான் நான் ஏமாந்தேன். 29 அங்குலத்துக்குச் சட்டத்தைப் பற்றவைத்து முடித்த பின் இரண்டரை அங்குலச் சக்கரத்தை மாட்டியதில், மேசை 31½ அங்குலமாகி, தட்டச்சு செய்பவர்களின் தோள் தூக்கிக்கொண்டது. எல்லாச் சட்டங்களையும் அறுத்துக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆகவே சக்கரத்தை முதலில் வாங்கி, அதன் உயரத்தைக் கழித்தே வெல்டரிடம் அளவு சொல்லுங்கள். நான்கில் இரண்டுக்காவது பிரேக் இருக்கட்டும்.

மேசையை நகர விடாமல் கட்டிப்போடுவது பெரும்பாலும் வயர்தான். பலகையின் அடியில் ஒரு பிளக் பாக்ஸைத் திருகி, லேப்டாப், மானிட்டர் எல்லாவற்றையும் அதிலேயே செருகிவிட்டால், சுவருக்குப் போவது ஒரே வயராக இருக்கும். சுவர் சாக்கெட்டைத் தரையோரம் வைக்காமல் மேசை மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால், குனியாமல் கழற்றலாம்.

தனி வேலைக்கு, பலகைக்கு மேல் 18 அங்குலம் உயரும் சாஃப்ட் போர்டு தடுப்பு தேவை. அமர்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய அந்த மட்டத்தில் இருப்பதால், எதிரே நடப்பவர் கவனத்தைக் கலைப்பது குறையும். அது பேச்சுச் சத்தத்தை நிறுத்தாது என்பதால், தொலைபேசிக்கு வேறு மூலை ஒதுக்கத்தான் வேண்டும். தடுப்பைத் திருகி இறுக்காமல் கிளிப்பில் நிறுத்துங்கள். கூடிப் பேசும்போது உருவிச் சுவரில் சாய்த்தால் அதுவே குறிப்புகளைக் குத்தும் பலகையாகும். 1968-இல் ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மேசை நாற்காலி நிறுவனத்துக்காக ராபர்ட் புரோப்ஸ்ட் வடிவமைத்த தடுப்புகளும் இடம் மாற்றுவதற்கென்றே பிறந்தவைதான். அலுவலகங்கள் அவற்றை அசையாத சதுரக் கூண்டுகளாக ஆக்கிவிட்டன.

தனி வேலைக்கான இடத்தில் ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும். நாற்காலிக்குப் பின்னால் மூன்றடியாவது விடுங்கள். மேசை திரும்பி நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், கூட்டம் முடிந்ததும் யாரும் சொல்லாமலே அது அங்கே போய்ச் சேரும்.