கெலோனா, கம்லூப்ஸ் பக்கம் வீடு வாங்கும் வன்னி உறவுகளுக்கு: முதல் ஒன்றரை மீற்றர்

விடிய எழும்பினால் முற்றம் கூட்டுவது நம் பழக்கம். வன்னியில் சுவரடியில் சருகு கிடக்க விடமாட்டோம். பிரிட்டிஷ் கொலம்பியா வந்ததும் முதலில் கைவிடுவது அதைத்தான். அயலைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி மல்ச் (செடியடியில் பரப்பும் மரப்பட்டைத் துண்டுகள்) கொட்டி, அதில் ஜூனிப்பர் புதர்ச்செடி நட்டு, 'நல்ல வடிவு' என்கிறோம். காட்டுத்தீக் காலத்தில் அதுவே ஆபத்து.

காப்புறுதியை முன்கூட்டியே எடுங்கள். பக்கத்தில் தீ எரியும்போது புதிதாகத் தரமாட்டார்கள். ஃபயர்ஸ்மார்ட் (வீட்டைக் காட்டுத்தீயிலிருந்து காக்கும் கனடாத் திட்டம்) பரிசோதனை பல ஊர்களில் இலவசம், நகரசபையில் கேளுங்கள். இனி மல்ச்சுக்கு வருவோம்.

2023 ஓகஸ்டில் கெலோனாவில் தீ ஏரியையே தாண்டியது. தாண்ட வைத்தது காற்றில் பறந்த தணல். அப்படி ஒரு தணல் மல்ச்சில் விழுந்தால் உடனே சுவாலை எழாது. உள்ளே புகைந்துகொண்டிருக்கும், வெளியேறச் சொல்லிவிட்டதால் பார்க்க ஆளும் இருக்காது. காற்று ஊதப் பற்றும். வினைல் சைடிங் (வெளிச்சுவரின் பிளாஸ்டிக் உறை) உருகி வழியும், பின்னால் உள்ள பலகை பிடிக்கும், தீ கூரைத் தாழ்வாரத்துக்கு ஏறும்.

ஆகவே வீட்டைச் சுற்றி 1.5 மீற்றருக்கு மல்ச்சை மண் தெரியும்வரை வழித்தெடுத்துச் சல்லி பரப்புங்கள். செடி, தும்புக் கால்மிதி, விறகு எதுவும் வேண்டாம். டெக்கின் (வீட்டோடு சேர்ந்த வெளித்தளம்) அடியும் இதில் சேர்ந்ததே. விறகு அடுக்கு 10 மீற்றர் தள்ளி இருக்கட்டும். மரவேலி வீட்டில் முட்டுகிறதா? கிடுகு வேலியில் தீ ஓடுவதுபோலத்தான் இதிலும் ஓடி வரும். கடைசி ஒன்றரை மீற்றரை உலோகமாக மாற்றுங்கள். சீடார் வேலிச்செடியைக் கையால் விலக்கிப் பாருங்கள்: வெளியே பச்சை, உள்ளே முழுக்கக் காய்ந்த சுள்ளி. 10 மீற்றருக்குள் அது வேண்டவே வேண்டாம்.

கூரைப் பீலியில் பைன் மர ஊசியிலை சேரவிடாதீர்கள். காற்றுத்துளைகளுக்கு 3 மில்லிமீற்றர் உலோக வலை போடுங்கள். பிளாஸ்டிக் நுளம்புவலை உருகிவிடும். புல் 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது. மரக்கிளைகளைத் தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்துக்குக் கழியுங்கள். வீடு சரிவில் இருந்தால் கீழ்ப்பக்கம் இன்னும் தூரத்துக்குத் துப்புரவாக்க வேண்டும், தீ மேல்நோக்கி விரைந்து ஏறும்.

கூட்டிய குப்பையை ஊரில்போல வளவு மூலையில் கொளுத்தாதீர்கள். தீ மூட்டத் தடை உள்ள காலத்தில் மூட்டினால் 1,150 டொலர் தண்டம். தோட்டக் கழிவு எடுக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுங்கள். இந்தத் துப்புரவைப் பனி கரைந்த கையோடு ஒருமுறை, இலையுதிர்ந்த பின் ஒருமுறை செய்யுங்கள்.