ஓபியாய்டு கேஸ்ல "பல பில்லியன் அபராதம்"னு செய்தி வந்தா எப்படி படிக்கணும்

அமெரிக்கால ஓபியாய்டு, அதாவது ஆளை அடிமையாக்கக்கூடிய அபின் வகை வலி மாத்திரை கேஸ்ல ஏதாவது கம்பெனி செட்டில் பண்ணிட்டா தலைப்புல ஒரு பெரிய தொகையைப் போட்டுடுவாங்க, நாமளும் "மாட்டினாங்கடா"ன்னு ஷேர் பண்ணிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். இப்பல்லாம் தொகையை கடைசியாதான் நம்பறது.

மொதல்ல, கைக்கு வர்ற காசு எவ்வளவு, எத்தனை வருஷத்துலன்னு தேடுங்க. 2020-ல ஆக்ஸிகான்டின்ங்கற வலி மாத்திரையை வித்த பர்டூ பார்மா கிரிமினல் குற்றத்தை ஒத்துக்கிட்டப்ப எல்லா இடத்துலயும் 8.3 பில்லியன் டாலர்னு போட்டாங்க, அதாவது 830 கோடி. ஆனா அந்தக் கம்பெனி 2019-லயே திவால் கோர்ட்டுக்குப் போயிடுச்சு, அதனால மத்திய அரசுக்கு நேரடியா கட்டவேண்டியதா இருந்தது 22.5 கோடி டாலர்தான், மீதில பெரும்பகுதி மாநிலங்களுக்குக் கொடுக்கறதை இதுல கழிச்சுக்கறது, திவாலான கம்பெனிகிட்ட மத்த கடன்காரங்களோட அரசும் வரிசைல நிக்கறதுன்னு பேப்பர் கணக்கு. அதே மாதிரி மருந்து சப்ளை பண்ற மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் மூணு பேரும் சேர்ந்து 21 பில்லியன்னு சொன்னது 18 வருஷத் தவணை. ஒவ்வொருத்தரோட வருஷ வியாபாரமே 100 பில்லியனுக்கு மேல (லாப மார்ஜின் கம்மிதான், அதையும் சொல்லிடணும், ஆனாலும் 18 வருஷம்!).

அப்புறம் "தப்பை ஒத்துக்கிட்டாங்களா"ன்னு பாருங்க. இந்த சப்ளை கம்பெனிங்க ஒத்துக்கலை, காசு மட்டும்தான். பர்டூ ரெண்டு தடவை ஒத்துக்கிச்சு, 2007-ல ஒண்ணு, 2020-ல ஒண்ணு. முதல் தடவை ஒத்துக்கிட்டதே இந்த மாத்திரைல அடிமையாகுற ஆபத்து கம்மின்னு டாக்டர்ங்ககிட்ட பொய் சொல்லி வித்ததுக்குத்தான், அதுக்கப்புறமும் வியாபாரம் நிக்கலைன்னா அந்த அபராதம் என்ன வேலை செஞ்சதுன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கையெழுத்து போட்டது கம்பெனியா, ஆளா? எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். 2007-ல பர்டூ அதிகாரிங்க மூணு பேர் சின்னக் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க, ஜெயில் கிடையாது. ஆனா ஃபென்டனில்ங்கற ரொம்ப வீரியமான ஓபியாய்டை ஸ்ப்ரேயா வித்த இன்ஸிஸ் கம்பெனி ஓனர் ஜான் கபூருக்கு 2020-ல அஞ்சரை வருஷம் ஜெயில் கிடைச்சது. பர்டூவோட ஓனர்ங்களான சாக்லர் குடும்பம், அவங்க திவாலாகாமலேயே, இனிமே யாரும் எங்க மேல கேஸ் போடக்கூடாதுன்னு கம்பெனியோட திவால் திட்டத்துக்குள்ளயே பாதுகாப்பு வாங்கப் பாத்துச்சு. 2024 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 5-4ல அதை தள்ளிடுச்சு. அதுக்கப்புறம் வந்த 7.4 பில்லியன் திட்டத்துல குடும்பத்தோட பங்கு கூடிடுச்சு, அதுவும் 15 வருஷம் வரைக்கும் தவணைதான்.

மாத்திரை எண்ணிக்கை வந்தா ஊர் ஜனத்தொகையால வகுத்துப் பாருங்க. மேற்கு வர்ஜீனியால கெர்மிட்னு ஒரு ஊர், 400 பேர் இருப்பாங்க, அங்க ஒரே ஃபார்மசிக்கு ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 90 லட்சம் மாத்திரை போயிருக்கு. தலைக்கு 22,500. சுத்துப்பட்டு ஊர் ஆளுங்களும் அங்க வந்து வாங்கினாங்கதான், சரி பத்து மடங்கு ஜனம்னே வச்சுக்கங்க, அப்பவும் தலைக்கு 2,250 வருதே, லாரி அனுப்பினவனுக்கு இது தெரியாமயா இருந்திருக்கும்?

"ஆராய்ச்சியே சொல்லுது, ஒரு சதவீதத்துக்கும் கம்மியானவங்கதான் அடிமையாவாங்க"ன்னு எங்கயாவது படிச்சா மூலத்தைத் தேடுங்க. பல இடத்துல அது 1980-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்த அஞ்சு வரி லெட்டர்ல போய் நிக்கும். 11,882 பேர்ல 4 பேர்னு இருக்கும், ஆனா அவங்க எல்லாம் ஆஸ்பத்திரில படுத்திருந்து நர்ஸ் கையால மருந்து வாங்கினவங்க. வீட்டுக்கு மாசக்கணக்குல மாத்திரை எடுத்துட்டுப் போனவங்க இல்ல.

கம்பெனி அறிக்கையைப் படிக்கறதுக்கு பதிலா அவங்க ஈமெயிலைப் படிங்க. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் பிரான்சிஸ்கோ கேம்பஸும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சேர்ந்து 2021-ல, கேஸ்ல வெளிவந்த ஈமெயில் எல்லாம் இருக்கற ஓபியாய்டு கம்பெனி ஆவணக் காப்பகம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க, யார் வேணா இலவசமா தேடலாம். தேடும்போது மருந்து பேரைப் போடாதீங்க, குப்பையா வந்து கொட்டும். செய்தில வந்த அதிகாரி பேரையும் வருஷத்தையும் சேத்துப் போடுங்க.